பிளேன் லிட்டருக்கு எவ்ளோ கொடுக்கும்? – வாசகர் கேள்வி பதில்

விமானம் பத்தி ஏதாச்சும் கேக்கணும்னா எழுதுங்கன்னு போன இதழ்ல ரெண்டு வரி போட்டோம், வந்து குவிஞ்சிருச்சு. பாதிக்கு மேல எண்ணெய் பத்தியும் புகை பத்தியும்தான். எனக்கும் அதுதாங்க தெரியும், மீனம்பாக்கத்துல 22 வருஷம் பிளேனுக்கு எண்ணெய் ஊத்துற வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆனவன், பைலட்டும் கிடையாது விஞ்ஞானியும் கிடையாது. சத்தம் கேட்டா இன்னிக்கும் மொட்டை மாடிக்கு ஓடுற ஆளு, அவ்ளோதான் தகுதி.

பம்மல் வாசகர்: எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் தினமும் பிளேன் இறங்குது. என் பையன் "அப்பா, இது லிட்டருக்கு எவ்ளோ கொடுக்கும்?"னு கேட்டு உயிரை எடுக்குறான். நெஜமாவே அப்படி ஒரு கணக்கு இருக்கா சார்?

இருக்கு சார், பையன் கேட்டதுதான் சரியான கேள்வி, நான் வேலைக்குச் சேந்த புதுசுல எங்க சூப்பர்வைசர்கிட்ட இதையே கேட்டு திட்டு வாங்கியிருக்கேன்.

சென்னை – டெல்லி எடுத்துக்குவோம், நேர்கோட்டுல ஒரு 1,760 கிலோமீட்டர். இப்ப நிறைய ஓடுற ஏர்பஸ் ஏ320 நியோ இந்த தூரத்துக்கு தோராயமா 6 டன் எண்ணெய் குடிக்கும், காத்து எதுத்து அடிச்சா கொஞ்சம் கூட, பின்னாலருந்து தள்ளுனா கொஞ்சம் கம்மி. 6 டன்னுன்னா லிட்டர்ல 7,500. அதாவது ஒரு கிலோமீட்டர் போறதுக்கு நாலே கால் லிட்டர். பையன்கிட்ட "லிட்டருக்கு கால் கிலோமீட்டர்கூட கொடுக்காதுடா"ன்னு சொல்லுங்க, ஷாக் ஆயிருவான்.

ஆனா அதோட நிறுத்தாதீங்க, அது 186 பேர் உக்கார்ற வண்டி. நூத்துக்கு 85 சீட்டு நிறைஞ்சிருக்குன்னு வச்சாலும் 158 பேர். தலைக்குப் பிரிச்சா ஆளுக்கு 47 லிட்டர் சொச்சம், லிட்டருக்கு 37 கிலோமீட்டர் வருது! நீங்க தனியா கார் எடுத்துட்டு டெல்லி போனா லிட்டருக்கு 15 கிடைச்சா பெரிய விஷயம், மூணு பேர் ஏறுனாதான் பிளேனுக்குச் சமமாவும் கொஞ்சம் மேலயும் வரும். பைக்ல ஒத்தை ஆளா போனா பைக்தான் ஜெயிக்கும், ஆனா டெல்லி போய் சேர்றப்ப இடுப்பு இருக்காது.

இந்த மைலேஜ் சும்மா வந்துடல. இன்ஜின் முன்னாடி பெருசா ஒரு ஃபேன் சுத்துதில்ல, அது இழுக்குற காத்துல கொஞ்சம்தான் உள்ள போயி எரியும், மிச்சம் சுத்திட்டு பின்னால போயி தள்ளும். பழைய ஏ320ல உள்ள போற ஒரு பங்குக்கு சுத்திப் போறது அஞ்சு ஆறு பங்கு, நியோவுல வர்ற லீப் இன்ஜின்ல 11 பங்கு. நிறைய காத்தை மெதுவா தள்றது கொஞ்சம் காத்தை வேகமா பீச்சுறதைவிட சிக்கனம், வீட்டு சீலிங் ஃபேன் தத்துவம்தான். அதனாலதான் புது இன்ஜின் எல்லாம் அண்டா சைஸுல இருக்கு. இறக்கை நுனியில மடிச்சு விட்ட மாதிரி நிக்கிற ஷார்க்லெட் ஒரு 4 சதவீதம் வரைக்கும் மிச்சம் புடிக்கும். எல்லாம் சேந்து பழசைவிட 15லருந்து 20 சதவீதம் வரைக்கும் கம்மியா குடிக்குது. சிக்கனத்துக்கு ஒரு விலையும் இருக்கு, நியோவுக்கே வர்ற இன்னொரு இன்ஜின், பிராட் அண்ட் விட்னி, 2023ல உலோகத்தூள் கோளாறுன்னு திரும்பக் கூப்பிட்டு செக் பண்ணப் போயி உலகம் பூரா நூத்துக்கணக்குல பிளேன் தரையில நின்னுச்சு.

அப்புறம் பையன் கேக்காத ஒண்ணு. ஒரு கிலோ எண்ணெய் எரிஞ்சா 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு கிலோ எப்படி மூணு கிலோ ஆகும்னு கேப்பான், எண்ணெய்ல இருக்குற கார்பன் காத்துல இருக்குற ஆக்சிஜனையும் கூட்டிட்டு வெளிய போறதால அந்த எடை. அப்ப 6 டன் எண்ணெய்க்கு 19 டன் வாயு, ஆளுக்கு 120 கிலோ. ஒரு வழிக்கு மட்டும்.

ஈரோட்டுலருந்து ஒரு வாசகி: போன மாசம் முதல் தடவையா பிளேன்ல போனேன். கிளம்புறதுக்கு முன்னாடி காலுக்கு அடியில நாய் குரைக்கிற மாதிரியே சத்தம் வந்துச்சு. கார்கோவுல நாயை அடைச்சிட்டாங்களோன்னு மனசே கேக்கல. ஏர்ஹோஸ்டஸ் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

நாய் இல்லம்மா, பம்ப்! ஏ320 குடும்பத்துக்கே உரிய சத்தம் அது. அதுல மூணு ஹைட்ராலிக் லைன் இருக்கு, அதுல ரெண்டுக்கு ஆளுக்கொரு இன்ஜின் பிரஷர் கொடுக்கும். ஒரு இன்ஜின் மட்டும் ஓடுனா ஒரு பக்கம் பிரஷர் இருக்கும் இன்னொரு பக்கம் இருக்காது, அப்ப நடுவுல இருக்குற பிடியூங்கிற யூனிட் இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கத்துக்கு பிரஷரை கடன் வாங்கிக் கொடுக்கும், விட்டு விட்டு வேலை செய்யுறதால வவ் வவ்வுன்னு கேக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா சத்தத்துக்குப் பின்னாடியும் எண்ணெய் கணக்குதான். தரையில ஓடுறப்பவே ரெண்டு இன்ஜினும் சேந்து நிமிஷத்துக்கு சுமார் 10 கிலோ குடிக்கும். அதனால நிறைய கம்பெனி ஒரே இன்ஜின்ல டாக்ஸி பண்ண சொல்றாங்க, ரன்வே கிட்ட போறப்பதான் இன்னொண்ணை ஸ்டார்ட் பண்ணுவாங்க. அடுத்த தடவை குரைச்சா சிக்கனம் பண்றாங்கன்னு நிம்மதியா இருங்க.

திருமங்கலம் வாசகர்: மதுரை – சென்னைக்கு பிளேன்ல போறது பாவம்னு என் அக்கா பொண்ணு சண்டை போடுறா. டெல்லிக்குப் போனா தப்பில்லையாம், மதுரைக்குப் போனாதான் தப்பாம். இது என்ன நியாயம்?

உங்க அக்கா பொண்ணு பக்கம்தான் நான், கோச்சுக்காதீங்க.

பிளேன் அதிகமா குடிக்கிறது மேல ஏறும்போது. 70 டன்னுக்கு மேல எடைய தூக்கிட்டு முப்பதாயிரம் அடிக்கு மேல ஏறணும்ல. டெல்லி போறப்ப ஏறுன செலவு ரெண்டரை மணி நேரத்துல பரவிடுது. மதுரை 420 கிலோமீட்டர், ஏறி முடிச்சு தண்ணி பாட்டில் திறக்குறதுக்குள்ள இறங்க ஆரம்பிச்சிருவான். அதனால ஒரு கிலோமீட்டருக்கு ஆகுற எண்ணெய்னு பாத்தா டெல்லி ட்ரிப்பை விட ஒண்ணரை மடங்குக்கு மேல வரும். ரெக்கை ஃபேன் வச்ச ஏடிஆர்ல போனா கொஞ்சம் பரவால்ல, குட்டி தூரத்துக்குன்னே செஞ்ச வண்டி, ஜெட்டை விட நிதானம் ஆனா குடி கம்மி.

ஆனா பாவம்ங்கிறதை விடுங்க, நேரக் கணக்கையே பாப்போம். திருமங்கலத்துலருந்து ஏர்போர்ட், ஒரு மணி நேரம் முன்னாடி செக்யூரிட்டி, பறக்குறது ஒரு மணி நேரம், பெட்டி வர்ற வரைக்கும் நின்னு, மீனம்பாக்கத்துலருந்து நீங்க போகவேண்டிய இடத்துக்கு டிராஃபிக்ல ஊர்ந்து. அஞ்சு மணி நேரம் ஓடிப்போயிரும். 2024 ஆகஸ்ட் கடைசியிலருந்து எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத் மதுரை வழியா ஓடுது, ஆறு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்து விட்டுரும். பாண்டியன்ல ராத்திரி ஏறுனா தூங்கி எந்திரிச்சா முடிஞ்சுது. கரண்ட்ல ஓடுற ரயிலு, கரண்ட் பெரும்பாலும் நிலக்கரிலருந்துதானே வருதுன்னு கேப்பீங்க, வந்தாலும் ஆளுக்குப் பாத்தா பிளேன் கிட்டயே வராது.

பிரான்ஸ்ல இதை சட்டமாவே போட்டுட்டாங்க. ரெண்டரை மணி நேரத்துக்குள்ள ரயில்ல போக முடியிற ஊருக்கு பிளேன் கூடாதுன்னு 2023 மே மாசம் அமலுக்கு வந்துச்சு. கேக்குறதுக்கு கம்பீரமா இருக்கும், ஆனா கடைசியில மாட்டுனது பாரிஸ் ஓர்லிலருந்து நான்ட், லியோன், போர்தோ போற மூணே மூணு ரூட்டு. சட்டத்தைவிட நல்ல ரயில்தான் வேலை செய்யும்ங்கிறது என் கட்சி. ரயிலு டிக்கெட் தட்கல்ல கூட கிடைக்காம நடு ராத்திரி சாவு செய்தி வந்து பிளேன் புடிச்சு ஓடுறவங்கள எல்லாம் நான் குத்தம் சொல்லமாட்டேன், உங்க அக்கா பொண்ணும் சொல்லமாட்டா.

கோவை, இன்ஜினியரிங் படிக்கிற தம்பி: அண்ணா, நான் ஏ380ங்கிற ரெண்டு மாடி பிளேனோட வெறியன். அதை ஏன் நிறுத்துனாங்க? எண்ணெய் ஜாஸ்தி குடிக்குதுன்னு சொல்றது பொய்தானே? ஃபுல்லா போனா தலைக்கு கம்மிதான் வருதுன்னு நான் கணக்கு போட்டேன்.

தம்பி, உன் கணக்கு சரி, "ஃபுல்லா போனா"ங்கிற ரெண்டு வார்த்தைலதான் அது செத்துச்சு.

2007 அக்டோபர் 25, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் – சிட்னி, முதல் பயணம். அன்னிக்கு எங்க ஷிப்ட் ரூம்ல டிவி முன்னாடி எல்லாரும் நின்னுட்டு பாத்தோம். டேங்க் மட்டும் 3 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் புடிக்கும், நாங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டு "இதுக்கு எத்தனை பவுசர் (எண்ணெய் லாரி) ஓட்டணும்"னு பேசிக்கிட்டோம். சென்னைக்கு ரெகுலர் சர்வீஸா அது வந்து நான் ஒரு நாள்கூட ஊத்தல, அந்தக் குறை இன்னும் இருக்கு. பக்கத்துல பெங்களூருக்கு 2022 அக்டோபர்லருந்து எமிரேட்ஸ் கொண்டு வர ஆரம்பிச்சுது, நீ கோவைலதான இருக்க, ஒரு நாள் பஸ் புடிச்சு போயி பாத்துட்டு வா.

விஷயம் என்னன்னா ஐநூறு சீட்டை தினமும் ரொப்புற ரூட்டு உலகத்துல விரல் விட்டு எண்ணலாம். முன்னூறு சீட்டு வண்டி ரெண்டு விட்டா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு ஆளுக்கு வசதி, சீட்டு காலியா போற பயமும் இல்ல. அதோட நாலு இன்ஜின். நாலுக்கும் சர்வீஸ், நாலுக்கும் எண்ணெய். முன்னாடி எல்லாம் ரெண்டு இன்ஜின் பிளேன் கடல் மேல ரொம்ப தூரம் போகக்கூடாது, ஒண்ணு நின்னா 60 நிமிஷத்துக்குள்ள இறங்க ஏர்போர்ட் இருக்கணும்னு ரூல். 1985ல அதை போயிங் 767ங்கிற ரெண்டு இன்ஜின் பிளேனுக்கு 120 நிமிஷம் ஆக்குனாங்க, இன்னிக்கு அதே மாதிரி ரெண்டு இன்ஜின் வச்ச ஏ350க்கு 370 நிமிஷம் வரைக்கும் அனுமதி இருக்கு. ரெண்டு இன்ஜினே எங்க வேணா போகலாம்னு ஆனப்புறம் நாலு எதுக்கு? இன்னொண்ணு, ஏ380 இறக்கைய பின்னாடி வரப்போற இன்னும் பெரிய மாடலுக்கும் சேத்து டிசைன் பண்ணிட்டாங்க, அந்த மாடல் வரவே இல்ல. தம்பிக்கும் ஆகட்டும்னு அண்ணனுக்கு தொளதொளன்னு சட்டை தைச்ச கதை. தேவையில்லாத எடைய காலம் பூரா சுமந்துச்சு.

அந்தப் பக்கம் போயிங் 787 வந்துச்சு, 2011ல, எடையில பாதி கார்பன் ஃபைபர் ஜாதி. இரும்பு பீரோவுக்குப் பதிலா பிளாஸ்டிக் பீரோன்னு வச்சுக்கோயேன், ஆனா பலம் அதிகம். ஏ380 251தான் டெலிவரி குடுத்தாங்க, அதுல 123 எமிரேட்ஸ் ஒரே ஆளு வாங்குனது, 2021 கடைசியில நிறுத்தியாச்சு. போயிங் 747 ஜம்போ அதைவிட ஒரு வருஷம் தாண்டி 2023 ஜனவரி கடைசியில நின்னுச்சு, 1,574 செஞ்சு. எனக்கு 747 போனதுதான் அழுகை. உனக்கு ஏ380, எனக்கு ஜம்போ, அவங்கவங்க வயசு.

தஞ்சாவூர் வாசகர்: பெட்ரோல் பங்க்ல வண்டிய விட்டு இறங்கு, போன் பேசாதேன்னு கத்துறாங்க. பிளேன்ல மட்டும் ஆளுங்களை உள்ள உக்கார வச்சுட்டே எண்ணெய் ஊத்துறாங்களே?

அது பெட்ரோல் சார், இது மண்ணெண்ணெய் ஜாதி. ஏடிஎஃப்னு சொல்ற பிளேன் எண்ணெய்ல முக்கால்வாசி உங்க பாட்டி ஸ்டவ்ல ஊத்துன சீமை எண்ணெய்தான், ரொம்ப சுத்தமாக்குனது. பெட்ரோல் மாதிரி சட்டுனு ஆவியாகி தீ புடிக்காது. அதுக்காக அலட்சியம் கிடையாது, அந்த நேரத்துல சீட் பெல்ட் போடாதீங்கன்னு அனவுன்ஸ் பண்ணுவாங்க கவனிச்சிருக்கீங்களா, ஏதாவதுன்னா எந்திரிச்சு ஓடத்தான்.

கேட்டதால எங்க வேலைய கொஞ்சம் சொல்லிடுறேன். பே-ல, அதான் பிளேன் நிறுத்துற இடத்துல, பிளேன் வந்து நின்னதும் டிஸ்பென்சர் வண்டிய வலது இறக்கை பக்கம் நிறுத்தி, முதல்ல பாண்டிங் ஒயர் மாட்டணும், நிலை மின்சாரப் பொறி வரக்கூடாதுன்னு. தரையில எண்ணெய்க் குழாய் வர்ற குழி, ஹைட்ரண்ட் பிட், அதோட மூடியத் திறந்து ஒரு ஹோஸ், ஏணி போட்டு இறக்கைக்கு அடியில இன்னொரு ஹோஸ். கண்ணாடி ஜாடியில சாம்பிள் புடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாக்கணும், பளிச்சுன்னு இருக்கணும், தூசி தெரியக்கூடாது. சிரிஞ்சு முனையில மஞ்சளா ஒரு கேப்ஸ்யூல் மாட்டி கொஞ்சம் எண்ணெய இழுப்போம், தண்ணி கலந்திருந்தா அது பச்சையாகும். 22 வருஷத்துல மேலதிகாரி மூஞ்சியவிட அந்த கேப்ஸ்யூலத்தான் அதிகம் பாத்திருப்பேன்.

இதுல லிட்டர் – கிலோ விவகாரம் ஒண்ணு இருக்கு. எங்க மீட்டர் லிட்டர்ல ஓடும், கேப்டன் கிலோவுல கேப்பார். சித்திரை வெயில்ல எண்ணெய் விரிஞ்சிடும், அதே ஆயிரம் லிட்டர் மார்கழியவிட எடை கம்மியா நிக்கும். எரிஞ்சு சக்தி கொடுக்குறது எடைதான், லிட்டர் இல்ல. அதனால அன்னிக்கு அடர்த்தி என்னன்னு பாத்து கணக்கு போடணும். இதுல கோட்டை விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு 1983 ஜூலை 23 ஏர் கனடா 767 சாட்சி. அந்த நாடு அப்பதான் பவுண்டுலருந்து கிலோவுக்கு மாறிட்டிருந்துச்சு, தேவை 22,300 கிலோ, கணக்குல பவுண்டு எண்ணைப் போட்டுப் பெருக்கிட்டாங்க, உள்ள இருந்தது பாதிக்கும் கம்மி. 41,000 அடில போயிட்டிருந்தப்ப எண்ணெய் தீந்து, ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு இன்ஜினும் அணைஞ்சு போச்சு. கேப்டனுக்கு கிளைடர் ஓட்டின அனுபவம் இருந்ததால சத்தமே இல்லாம சறுக்கிட்டு வந்து கிம்லிங்கிற ஊர்ல பழைய ஏர்ஃபோர்ஸ் ரன்வேல இறக்குனார், அது அப்ப கார் ரேஸ் விடுற இடமா மாறியிருந்துச்சு, ஜனங்க வேற இருந்தாங்க. உள்ள இருந்த 69 பேரும் பொழைச்சாங்க. எங்க ட்ரெய்னிங்ல முதல் நாள் பாடமே இந்தக் கதைதான்.

இன்னொரு கூத்து டேங்கரிங். ஏடிஎஃப் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ள வரல, மாநிலத்துக்கு மாநிலம் வாட் மாறும். ஒரு ஊர்ல எண்ணெய் சல்லிசா இருந்தா திரும்பி வர்றதுக்கும் சேத்து அங்கயே ரொப்பிட்டு வந்துருவாங்க. நம்ம ஊர் லாரிக்காரங்க பார்டர் தாண்டி டீசல் போடுற மாதிரி. லாரிக்கு ஓகே, பிளேனுக்கு அந்த கூடுதல் எடைய தூக்குறதுக்கே மணிக்கு அந்த எண்ணெய்ல மூணு நாலு சதவீதம் எரிஞ்சிரும். ஐரோப்பாவுல மட்டும் இந்தப் பழக்கத்தால வருஷத்துக்கு 9 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு கூடுதலா போகுதுன்னு அங்க வான் போக்குவரத்தைப் பாக்குற யூரோகன்ட்ரோல் அமைப்போட கணக்கு சொல்லுச்சு. காசு மிச்சம், காத்து நாசம்.

ஆவடி வாசகர்: அவசரமா திரும்பி வர்ற பிளேன் எண்ணெய ஊர் மேல கொட்டும்னு சொல்றாங்களே?

எல்லா பிளேனும் கொட்டாது. ஏ320, 737க்கு கொட்டுற வசதியே கிடையாது, சுத்தி எரிச்சுட்டு இறங்கணும், ரொம்ப அவசரம்னா எடையோடவே இறங்கிருவாங்க. 777 மாதிரி பெருசுங்கதான் கொட்டும், அதுவும் வழக்கமா கடல் மேல, உயரத்துல, கீழ வர்றதுக்குள்ள பெரும்பாலும் ஆவியாயிரும். 2020 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு டெல்டா 777 தாழப் பறந்துட்டே கொட்டி ஸ்கூல் பசங்க மேல தூறல் விழுந்துச்சு, அதான் பெரிய நியூஸ் ஆச்சு.

கொடைக்கானல் டீச்சர்: வானத்துல பிளேன் போன பின்னாடி வெள்ளையா கோடு நிக்குது. ஒரு நாள் உடனே மறையுது, ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் பரவிக் கிடக்குது. ஏதோ மருந்து தெளிக்கிறாங்கன்னு பசங்க வாட்ஸ்அப்ல வந்ததை காட்டுறாங்க. என்ன சொல்றது?

மருந்தும் இல்ல மாயமும் இல்ல டீச்சர், ஐஸ். உங்க ஊர் பசங்களுக்கு விளக்குறது ரொம்ப ஈஸி, மார்கழி காலைல வாயத் திறந்தா புகை வருதுல்ல, அதேதான். எண்ணெய் எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடோட நீராவியும் வரும். மேல மைனஸ் 40 டிகிரிக்கும் கீழ குளிரு. நீராவி புகைக்கரி மேல ஒட்டி அப்படியே ஐஸ் துகளா ஆயிடும். சுத்தி காத்து காய்ஞ்சு கிடந்தா அடுத்த நிமிஷமே கரைஞ்சிரும். ஏற்கனவே ஈரம் நிறைஞ்ச காத்துன்னா கரையாது, மணிக்கணக்கா நின்னு பரவி மேகமாவே ஆயிடும். நீங்க சாயங்காலம் வரைக்கும் பாக்குறது அதுதான்.

மருந்து இல்லன்னு சொல்லிட்டு விட்டுராதீங்க, இதுல நெஜமான சிக்கல் வேற. அந்த மெல்லிசான மேகம் கம்பளி மாதிரி. பகல்ல கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனா ராத்திரி பூமியிலருந்து மேல போற சூட்டைத் தடுத்து வச்சிரும். ராத்திரி திருப்பி அனுப்ப வெயிலே இல்லையே, அதனால சூடேத்தல் மட்டும்தான். பெரிய ஆராய்ச்சியாளர் கூட்டம் ஒண்ணு 2021ல போட்ட கணக்குல, விமானங்களால ஆகுற மொத்த சூடேத்தல்ல மூணுல ரெண்டு பங்கு இந்தக் கோடு மாதிரி கார்பன் டை ஆக்சைடு அல்லாத சமாச்சாரங்களாலன்னு வந்துச்சு. கணக்குல ஏத்த இறக்கம் இன்னும் நிறைய இருக்கு, அவங்களே சொல்றாங்க. ஆனா எண்ணெய மட்டும் பாத்துட்டு இருந்த எங்க மாதிரி ஆளுங்களுக்கு அது தலைல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

நல்ல செய்தியும் இருக்கு. எல்லா பிளேனும் கோடு போடறதில்ல, ஈரக் காத்து அடுக்குல போறதுதான் போடும். அந்த அடுக்கு எங்க இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சா ரெண்டாயிரம் அடி ஏறியோ இறங்கியோ போயிரலாம். 2023ல கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேந்து 70 ஃப்ளைட்ல பண்ணிப் பாத்தாங்க, கோடு 54 சதவீதம் குறைஞ்சுச்சு. எண்ணெய் அந்த ஃப்ளைட்டுகளுக்கு 2 சதவீதம் கூட ஆச்சு. அடுத்த தடவை கோடு தெரியிறப்ப பசங்களை நோட்டுல நேரம் குறிக்கச் சொல்லுங்க, எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு. மேல காத்து எவ்ளோ ஈரம்னு அவங்களே சொல்லிருவாங்க.

விருதுநகர், டீக்கடை வச்சிருக்கும் வாசகர்: பஜ்ஜி சுட்ட பழைய எண்ணெய்ல பிளேன் ஓடப்போகுதாமே? எங்க கடையில தினமும் மிஞ்சுது, யார்கிட்ட குடுக்கணும்?

அண்ணே, கேலி இல்ல, நெஜம். பழைய சமையல் எண்ணெய சுத்தம் பண்ணி ஹைட்ரஜன் ஏத்தி பிளேன் எண்ணெயா மாத்தலாம், எஸ்ஏஎஃப்னு பேரு. எரியுறப்ப வர்ற புகை அதேதான், ஆனா அந்தக் கார்பன் பூமிக்கு அடியிலருந்து தோண்டுனது இல்ல, செடி காத்துலருந்து எடுத்தது. மொத்தக் கணக்குல 80 சதவீதம் வரைக்கும் குறையும்னு சொல்றாங்க. இன்ஜின்ல ஒரு போல்ட்டுகூட மாத்த வேண்டாம், சாதா எண்ணெயோட பாதிக்குப் பாதி வரைக்கும் கலக்க இப்ப அனுமதி இருக்கு. 2018 ஆகஸ்ட்லயே டேராடூன்லருந்து டெல்லிக்கு காட்டாமணக்கு எண்ணெய் கலந்து ஸ்பைஸ்ஜெட் ஒரு குட்டி பிளேன் ஓட்டுனாங்க. 2023 நவம்பர்ல விர்ஜின் அட்லாண்டிக் 787 முழுக்க முழுக்க இதுலயே லண்டன்லருந்து நியூயார்க் போச்சு, ஸ்பெஷல் அனுமதி வாங்கி.

அப்புறம் ஏன் எல்லாரும் ஊத்தலன்னா, கிடைக்கல. 2024ல உலகம் பூரா செஞ்சது 10 லட்சம் டன், மொத்தத் தேவையில 0.3 சதவீதம். உங்க கடையில தினமும் ரெண்டு லிட்டர் மிஞ்சுதுன்னு வைங்க, சொட்டுகூட வீணாகாம மாத்துனாலும் மேல சொன்ன ஒரே ஒரு சென்னை – டெல்லி ட்ரிப்புக்கு உங்க கடை மாதிரி 3,750 கடையோட ஒரு நாள் எண்ணெய் வேணும். ஒரு ட்ரிப்புக்கு! விலையும் சாதா எண்ணெய மாதிரி ரெண்டு மடங்குலருந்து மேல போகுது. இதுல பழைய எண்ணெய்ன்னு பொய் சொல்லி புது பாமாயிலையே கலந்து விக்கிறாங்களோன்னு ஐரோப்பாவுல சந்தேகம் வேற, அப்படின்னா காட்டை அழிச்சு பிளேன் ஓட்டுன கதையாயிரும். இருந்தாலும் ஐரோப்பால 2025லருந்து 2 சதவீதம் கட்டாயம், நம்ம நாட்டுல வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு 2027ல 1 சதவீதம், 2030ல 5 சதவீதம்னு இலக்கு வச்சிருக்காங்க.

யார்கிட்ட குடுக்குறதுன்னா, உணவுப் பாதுகாப்புத் துறையில 2018லருந்து இதுக்குன்னு ஒரு திட்டம் இருக்கு, பதிவு பண்ண ஏஜென்ட்டு வந்து லிட்டர் கணக்குல காசு குடுத்து எடுத்துட்டுப் போவாங்க, மாவட்ட ஆபீஸ்ல கேளுங்க. ரோட்டுக்கடைக்கு திரும்ப சுடுறதுக்கு வாங்குறான் பாருங்க, அவன்கிட்ட மட்டும் குடுத்துராதீங்கண்ணே.

ஓசூர் வாசகர்: ஸ்கூட்டர் கரண்ட்ல ஓடுது. பிளேன் எப்ப?

ஒரு கிலோ பிளேன் எண்ணெய்ல இருக்குற சக்திக்கு கிட்டத்தட்ட 50 கிலோ பேட்டரி வேணும். கரண்ட் மோட்டார் எண்ணெய் இன்ஜினவிட சிக்கனம்ங்கிறதால கொஞ்சம் தள்ளுபடி உண்டு, அப்பவும் கட்டாது. எண்ணெய் எரிய எரிய பிளேன் இளைக்கும், பேட்டரி பிளேன் தரையிறங்குற வரைக்கும் அதே கனம். 2020ல ஐரோப்பாவுல முதல் முழு கரண்ட் பிளேனுக்கு சர்டிஃபிகேட் குடுத்தாங்க, ரெண்டு சீட்டு, பழகுறவங்களுக்கு. ஹைட்ரஜன்ல 2035ல பறக்க விடுறோம்னு ஏர்பஸ் சொன்னுச்சு, அதுவும் இப்ப தள்ளிப் போச்சு.

பெயர் வேண்டாம், சென்னை: பக்கம் பக்கமா பிளேன் புகழ் பாடிட்டு நடுவுல சுற்றுச்சூழல்னு பேசுறது போலித்தனமா தெரியல?

தெரியுது. எனக்கே ராத்திரியில தெரியும். 22 வருஷத்துல நான் ஊத்துனது எத்தனை லட்சம் டன்னோ, அது ஒவ்வொண்ணும் மூணு மடங்கா மேல போயிருக்கு.

ஆனா பிளேனை நேசிக்கிறவன்தான் இந்தக் கணக்கைச் சொல்லணும்னு நெனைக்கிறேன், ஏன்னா எங்க கூட்டம் பண்ற தப்பு எனக்குத் தெரியும். புது மாடல் வந்தா 20 சதவீதம் மிச்சம்னு கைதட்டுவோம், அங்கயே நின்னுருவோம். 1968லருந்து 2014 வரைக்கும் புது பிளேன்களோட எண்ணெய் செலவு 45 சதவீதம் குறைஞ்சிருக்கு, பிரமாதம். ஆனா 1970ல உலகத்துல பிளேன் ஏறுனவங்க கணக்கு 31 கோடி, 2019ல 450 கோடி. பாதியா குறைச்சுட்டு பதினாலு மடங்கு ஏத்துனா பாத்திரம் நிறையத்தானே செய்யும். மைலேஜ் நல்லா இருக்குன்னு டிக்கெட் விலை இறங்குது, விலை இறங்குனா இன்னும் பத்துப் பேர் ஏறுறான். நம்ம ஊர்லயே 2023ல ஏர் இந்தியா 470, இண்டிகோ 500ன்னு ஆர்டர் போட்டாங்க, அத்தனையும் சிக்கனமான பிளேன்தான், அத்தனையும் எண்ணெய்லதான் ஓடும்.

விமானம் மொத்தமா உலகத்தோட கார்பன் டை ஆக்சைடுல ரெண்டரை சதவீதம், கம்மிதானேன்னு எங்க ஆளுங்க வாதாடுவாங்க. அது யாரு விடுறதுன்னும் பாக்கணும். 2018 கணக்குல உலகத்துல நூத்துல 11 பேர்தான் அந்த வருஷம் பிளேன் ஏறியிருக்காங்க, அடிக்கடி பறக்குற ஒரே ஒரு சதவீதம் ஆளுங்க பாதிப் புகைய விட்டிருக்காங்க. பிசினஸ் கிளாஸ்ல கால நீட்டிப் படுத்தா ஒரு ஆளு மூணு ஆளு இடத்தை எடுக்குறதால புகைக் கணக்கும் சுமார் மூணு மடங்கு. வாழ்க்கைல முதல் தடவை மகனைப் பாக்க துபாய் போற ஆத்தாவையும், அரை மணி நேர மீட்டிங்குக்கு மும்பை போயிட்டு சாயங்காலம் திரும்புறவரையும் ஒரே தராசுல வைக்க எனக்கு மனசு வராது. நான் கடைசியா பிளேன் ஏறி மூணு வருஷம் ஆச்சு, அதுக்கு லட்சியம் காரணமில்ல, பென்ஷன் காரணம்.

சேலம் வாசகி: அடுத்த மாசம் அம்மாவ முதல் தடவையா பிளேன்ல கூட்டிட்டு டெல்லிலருந்து சென்னை வர்றேன். அவங்களுக்கு 71 வயசு. எந்த சீட்டு போடட்டும்?

வலது பக்கம் ஜன்னல், ஏ320ன்னா எஃப் சீட்டு. இறக்கைக்கு முன்னாடி வரிசையா பாருங்க, பின்னாடி போனா சத்தமும் ஜாஸ்தி இறக்கையும் மறைக்கும். கடல் பக்கத்துலருந்து இறங்குனா ரன்வே தொடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி பரங்கிமலை கிட்டத்துல வரும், மேல இருக்குற சர்ச்சுகூட தெரியும். அந்த நேரத்துல அம்மாவ தூங்க விட்டுராதீங்க. காத்து திசை மாறி தாம்பரம் பக்கத்துலருந்து இறக்குனாங்கன்னா மட்டும் என்னைத் திட்டாதீங்க.